ஊத்துகளுக்கு ஒரு கணக்கு நோட்டுப் போடுங்கள்: ஏற்காட்டு மலைக் கிராம சபைகளுக்குத் திறந்த மடல்

மலைமேல் இருக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

நாகலூர், செம்மநத்தம், வாழவந்தி, மாரமங்கலம் என்று எந்த ஊர்க் கிராம சபையில் நீங்கள் உட்கார்ந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். நான் கீழே, ஓமலூர்ப் பக்கம் சரபங்கா கரையில் இருக்கிறவன். 22 வருஷம் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தேன். திருச்செங்கோட்டு வண்டிகளோடு பல மாநிலம் போய்ப் போர் போட்டிருக்கிறேன். உங்கள் மலையிலும் போட்டிருக்கிறேன்.

8 வருஷத்துக்கு முன்னால் மேலே ஒரு தங்கும் விடுதிக்குக் கூப்பிட்டார்கள். முதல் 60 அடி செம்மண்ணும் மக்கின கல்லும். மண் சரியாமல் இருக்கக் கேசிங் பைப் இறக்கினோம். அதற்குக் கீழே ஒரே கருங்கல், 400 அடி வரைக்கும் வெறும் கல் மாவுதான் பறந்தது. 420-ல் ஒரு கேப், அதாவது பாறை வெடிப்பு, கிடைத்து ஒன்றரை இஞ்ச் தண்ணீர் பீறிட்டது. முதலாளி தேங்காய் உடைத்தார். எங்களுக்கும் சந்தோஷம்.

அந்த இடத்துக்குக் கீழே, சரிவில், பாறையடியில் ஒரு ஊத்து இருந்தது. வேலை நடந்த மூன்று நாளும் அதில்தான் குளித்தோம். பிளந்த மூங்கிலைச் செருகித் தண்ணீரை வழிய விட்டிருந்தார்கள். ஒரு அம்மா குடத்தை வைத்துவிட்டு எங்களிடம் ஊர் பேர் விசாரித்து முடிப்பதற்குள் அது நிரம்பிவிடும். மறுவருஷம் பங்குனியில் மோட்டார் தூக்கப் போனேன். மூங்கில் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதே அம்மா லாரித் தண்ணிக்காக ரோட்டில் குடத்தோடு நின்றிருந்தார். “போர்க்காரங்களா, வாங்க” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் நான் இத்தனை நாள் அதைச் சுமந்திருக்க மாட்டேன்.

நிலத்தடித் தண்ணீர் எப்படி ஆறாகிறது என்று என் கண்ணுக்குக் காட்டியது ஆந்திராவின் சுண்ணாம்புக்கல் பூமி. கர்னூல், நந்தியால் பக்கம் போர் போடும்போது கல்லைத் துளைக்கும் பிட் சில நேரம் பொத்தென்று இறங்கிவிடும். கல்லுக்குள்ளே பொந்து. மழைத் தண்ணீர் மண்ணில் இறங்கும்போது அங்கிருக்கும் கரியமில வாயு கலந்து லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பைக் காலம் காலமாகக் கரைத்துக் குழாயாக்குகிறது, பிறகு குகையாக்குகிறது. அங்கே பெலும் குகை 3 கிலோமீட்டருக்கு மேல் நீளம். 150 அடி ஆழத்தில் பாதாள கங்கை என்று ஒரு ஓடை வற்றாமல் ஓடி, பாறைக்குள்ளேயே மறைகிறது. 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர்க் கிணற்றுக்கு அது போகிறது என்பது அந்த மக்களின் நம்பிக்கை. அதைக் கேட்டதும் எனக்கு உங்கள் மலைமேல் இருக்கும் சேர்வராயன் கோயில்தான் ஞாபகம் வந்தது. நம்ம சாமியும் குகைக்குள், காவேரியம்மனோடுதானே இருக்கிறார். அந்தக் குகை காவிரிக்கே போகிறது என்று மலையேறும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன்.

நிலவியல் படிக்கும் என் மகள் ஒரு சங்கதி சொன்னாள். ஜெர்மனியில் டான்யூப் ஆறு இம்மெண்டிங்கன் என்ற ஊர்ப்பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிவிடுகிறது. வறண்ட மாதங்களில் அதற்குக் கீழே ஆறு வெறும் கல்லாகக் கிடக்கும். 1877-ல் அங்கே 10 கிலோ சாயத்தைக் கரைத்து விட்டார்கள். சுமார் 60 மணி நேரம் கழித்து, 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆக் என்ற ஊத்தில் தண்ணீர் பச்சையாக வந்தது. அந்த ஊத்திலிருந்து கிளம்பும் ஆறு போய்ச் சேர்வது ரைன் நதியில். ஒரு ஆற்றின் தண்ணீர் மண்ணுக்கடியில் போய் இன்னொரு ஆற்றை ஓட வைக்கிறது!

நம்ம மலை சுண்ணாம்புக்கல் இல்லை. சார்னோகைட் என்கிற கருங்கல். அது அப்படிக் கரைந்து குகையாகாது. தண்ணீர் தங்குவது மேலே இருக்கும் செம்மண்ணிலும் மக்கின கல்லிலும், அதற்குக் கீழே மயிரிழை வெடிப்புகளிலும்தான். அங்கே மூன்று நாளில் ஓடிவிடுகிற தூரத்தை இங்கே தண்ணீர் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கடக்கிறது. அப்படி மெதுவாக வருவதால்தான் நாம் பிழைக்கிறோம். ஐப்பசியில் பெய்தது மாசியில் ஊத்தாகக் கசிகிறது. மழை நின்று வெகுநாள் கழித்தும் ஒரு ஓடை ஓடுகிறதென்றால், அதில் ஓடுவது நிலத்தடித் தண்ணீர். ஊத்துக்குப் போகிற வெடிப்பிலேயே போர் குத்திவிட்டால், ஓடைக்கு வரவேண்டியது மோட்டாருக்குப் போய்விடும்.

சரபங்கா உங்கள் மலையிலிருந்துதான் இறங்குகிறது. சேலத்தின் நடுவே போகும் திருமணிமுத்தாறும் அப்படித்தான். அதில் கோடையில் ஓடுவது சாக்கடை. மேலிருந்து நல்ல தண்ணீர் வந்து சேராததும் அதற்கு ஒரு காரணம். சரபங்கா வடிநிலத்தில் 100 ஏரிகளுக்கு மேட்டூர் உபரிநீரை மோட்டார் வைத்து ஏற்ற 565 கோடி ரூபாயில் திட்டம் போட்டார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன், காய்ந்த ஏரிக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் ஊத்தைக் காப்பாற்றக் கோடிகள் தேவையில்லை.

அன்றைக்கு ஊத்து நின்றது என் போரினாலா, மழைக் குறைவினாலா என்று அந்த அம்மாவுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் எவ்வளவு ஓடியது என்று யாரும் எழுதி வைக்கவில்லையே. அதனால்தான் கேட்கிறேன்: மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் ஒரு தீர்மானம் போடுங்கள். உங்கள் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு ஊத்துக்கும் சுனைக்கும் பேர், இடம், எந்த ஓடையில் சேருகிறது என்று ஒரு நோட்டில் ஏற்றுங்கள். மாதம் ஒரு நாள் அளந்து பாருங்கள். பெரிய கருவி வேண்டாம், குடமும் கடிகாரமும் போதும். 15 லிட்டர் குடம் 20 வினாடியில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 64,800 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஐந்துக்கு மேல். பள்ளிப் பிள்ளைகளே அளந்துவிடுவார்கள். இரண்டு வருஷக் கணக்கு கையில் இருந்தால், ஊத்துக்கு மேலே போர் போட வருகிறவரிடம் நீங்கள் அதைக் காட்டிப் பேசலாம். யாராக இருந்தாலும் சபையில் கேட்காமல் ரிக் வண்டி ஏறக்கூடாது என்பதையும் அதே தீர்மானத்தில் சேருங்கள். வண்டிக்காரர்களிடம் பேச வேண்டுமென்றால் நான் வருகிறேன், எனக்கு அவர்கள் பாஷை தெரியும்.

அளக்கும் வேலைக்கும் வருகிறேன். முதலில் அந்த மூங்கில் இருந்த இடத்துக்குப் போகலாம். காய்ந்தே கிடந்தாலும் நோட்டில் அதுதான் முதல் பேராக இருக்க வேண்டும். அந்த ஊத்துக்கு என்ன பேர் என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
பழைய ரிக் வண்டித் தொழிலாளி,
ஓமலூர்.