பொருள்: "முடிச்சுப் பிழை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிய பாஸ் மீன் தூண்டில் செட் தொடர்பாக – இறுதிப் புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் இரட்டை ராடு (தூண்டில் கோல்) பாஸ் செட் பற்றிய புகார் இது. அதில் வந்த லைன் அறுந்ததற்கு உத்தரவாதம் கேட்டேன், மறுத்துவிட்டீர்கள். போனில் சொல்லியாயிற்று, சாட்டில் எழுதியாயிற்று, சேவை மையத்துக்கு நேரிலும் போய் நின்றாயிற்று. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து "முதல்லேர்ந்து சொல்லுங்க சார்" என்கிறார். அதனால் எல்லாவற்றையும் எழுத்திலேயே வைக்கிறேன். தயவுசெய்து தூண்டிலைக் கையில் பிடித்துப் பழகிய ஒருவரிடம் இதைக் காட்டிவிட்டுப் பதில் எழுதுங்கள்.

உத்தரவாதத்தை மறுத்து நீங்கள் கொடுத்த தாளில் காரணம் ஒரே வரிதான்: "பயன்படுத்துபவரின் முடிச்சுப் பிழை." பரிசோதித்தவர் பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. அறுந்த லைனின் இரண்டு நுனிகளையும் தவளை லூரோடு (தவளை வடிவப் போலி இரை) சேர்த்து ஒரு கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்திருந்தேன். ஒட்டிய டேப் ஒட்டியபடியே அந்தக் கவர் திரும்பி வந்திருக்கிறது. பிரித்துக்கூடப் பார்க்காமல் முடிச்சில் பிழை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

லைன் ஏன் அறுந்தது என்பதை அதன் நுனியைப் பார்த்தே சொல்லிவிடலாம். இது உங்களுக்குத் தெரியாதது இல்லை. முடிச்சு வழுக்கிக் கழன்றிருந்தால் நுனி சுருண்டு நிற்கும். ஃப்ளூரோகார்பன் வகை லைனை ஈரப்படுத்தாமல் இறுக்கிச் சூட்டில் கெடுத்திருந்தால் முடிச்சுக்கு மேலே வெளுத்துச் சுருக்கம் விழுந்திருக்கும். கல்லிலோ மரக்கட்டையிலோ உரசியிருந்தால் லூருக்கு மேலே உள்ள சில அடிகள் சொரசொரக்கும். நான் கொடுத்தது 50 பவுண்டு பிரெய்ட் (பல இழைகள் பின்னிய லைன்), உங்கள் செட்டில் வந்ததேதான். தவளை லூரில் போட்ட பாலமர் முடிச்சு இன்றும் முழுசாக இருக்கிறது. லூர் மிதக்கும் வகை என்பதால்தான் துண்டு கைக்குக் கிடைத்தது. அறுந்த இடம் முடிச்சிலிருந்து பல அடி தள்ளி. அங்கே இழைகள் பிய்ந்து பூப்பூவாக விரிந்திருக்கின்றன. அதற்கு மேலேயும் விட்டுவிட்டு அதே பிசிறு. லைன் ஓடுகிற பாதையிலேயே ஏதோ ஒன்று அதைத் தொடர்ந்து அறுத்துக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்த ஏதோ ஒன்று எது என்பதையும் உங்கள் வேலையை மிச்சப்படுத்தி நானே சொல்லிவிட்டேன். தவளை லூரை வீசிய ராடில், லைன் ஓடும் வளையங்களில் நுனியிலிருந்து மூன்றாவது. உள்ளே இருக்கும் பீங்கான் பட்டையில் மயிரிழை விரிசல். கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்கும் சில நேரம் சிக்காது. கொஞ்சம் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றி இழுத்தால் விரிசல் உள்ள இடத்தில் நார் மாட்டும். அரை நிமிட வேலை. உங்கள் சேவை மையத்தில் இருந்தவர் ராடை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, "பளபளன்னு இருக்கே சார்" என்று சொல்லி முடித்துவிட்டார். பஞ்சு கேட்டேன். இல்லை என்றார். தூண்டில் ராடு பழுது பார்க்கும் இடத்தில் பஞ்சு இல்லை!

அதோடு விட்டாரா? ராடின் நுனியைத் தரையில் ஊன்றி, கையால் அழுத்தி வளைத்துக் காட்டினார். "பாருங்க, நல்லா வளையுது." கிராஃபைட் ராடு மெல்லிய குழாய். சுமை வளையங்கள் வழியாக லைனில் பரவி வந்தால் எவ்வளவோ தாங்கும், ஒரே புள்ளியில் ஊன்றி அழுத்தினால் அங்கேயே நொறுங்கும். அன்று ஒடியவில்லை என்பதால் நார்கள் உள்ளே நசுங்கவில்லை என்று ஆகாது. நாளைக்கு மீன் மாட்டியிருக்கும்போது ஒடிந்தால் அதற்கும் "ராடை 90 டிகிரிக்கு மேல் தூக்கிவிட்டீர்கள்" என்று ஒரு வரி எழுதி அனுப்புவீர்கள். ஆகவே இப்போதே பதிவு செய்கிறேன்: இந்த ராடை உங்கள் ஊழியர் தரையில் ஊன்றி வளைத்திருக்கிறார். இனி அதற்கு என்ன நேர்ந்தாலும் பொறுப்பு உங்களுடையது.

அந்தப் பயணமே வீண். "ராடு மட்டும் போதும்" என்று போனில் சொன்னவர்கள், அங்கே போனதும் "ரீல் இல்லாம எப்படி சார் பார்க்கிறது" என்றார்கள்.

இனி அடிப்படைப் பிரச்சினைக்கு வருகிறேன். முதலில் எழுதியிருக்க வேண்டியது இதுதான், ஆத்திரத்தில் பின்னால் போய்விட்டது. பெட்டியில் ஒட்டியிருக்கும் வில்லையில் உள்ளது: 7 அடி 3 அங்குலம், ஹெவி, ஃபாஸ்ட், பிரெய்ட் 30 முதல் 65 பவுண்டு. கைப்பிடிக்கு மேலே ராடின் மீதே அச்சிட்டிருப்பது: 7 அடி, மீடியம், மாடரேட், லைன் 8 முதல் 14 பவுண்டு, லூர் கால் அவுன்ஸ் முதல் ஐந்தெட்டு அவுன்ஸ். இரண்டும் உங்கள் எழுத்து. டேப் வைத்து அளந்தால் ராடு சரியாக 7 அடி. அதாவது பெட்டி ஒன்று, உள்ளே இருக்கும் பொருள் வேறொன்று.

இதற்கு உங்கள் சாட் ஊழியர் கொடுத்த பதில்: "மீடியம், ஹெவி எல்லாம் ஒன்றுதான், பிராண்டுக்கு பிராண்டு பெயர் மாறும்." நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும் என்பது உண்மை. ஒரே நிறுவனத்தின் பெட்டிக்கும் அதே பெட்டிக்குள் இருக்கும் ராடுக்கும் இடையில் மாறலாமா? வளைய எவ்வளவு விசை வேண்டும் என்பது பவர். எந்த இடத்தில் வளைகிறது என்பது ஆக்‌ஷன். ஃபாஸ்ட் ராடு நுனிப்பக்கத்தில் மட்டும் மடங்கும், கீழ்ப்பகுதி விறைப்பாக நிற்கும். தவளை, ஜிக், டெக்சஸ் ரிக் ஆகிய தூண்டில் வகைகள் எல்லாம் கனமான ஒற்றை முள்ளோ இரட்டை முள்ளோ உள்ளவை. பாஸின் வாயில் அந்த முள் ஏற வேண்டுமானால் வெட்டி இழுத்த மறுகணமே விசை முள்ளுக்குப் போய்ச் சேர வேண்டும். மாடரேட் ராடு பாதிவரை வளைந்து அந்த விசையைத் தானே விழுங்கிவிடும். அது மோசமான ராடு என்று நான் சொல்லவில்லை. மூன்று கிளை முள் வைத்த கிராங்க்பெயிட் லூருக்கு அதுதான் சரி. 10, 12 பவுண்டு ஃப்ளூரோகார்பனோடு போட்டால், மீன் தலையை உதறும்போது சின்ன முள் பிய்ந்து வராமல் அதே மென்மைதான் காப்பாற்றும். ஆனால் பாசியும் அல்லியும் அடர்ந்த இடத்தில் தவளையை ஓட்டி, மாட்டிய மீனைக் கொடிக்குள் புகவிடாமல் தூக்கி எடுக்க அது உதவாது. நான் பணம் கொடுத்தது அதற்காகத்தான்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. 14 பவுண்டு வரைதான் தாங்கும் என்று நீங்களே அச்சிட்ட ராடில் நீங்களே 50 பவுண்டு பிரெய்டைச் சுற்றி அனுப்பியிருக்கிறீர்கள். அதன் பருமன் சுமார் 12 பவுண்டு மோனோ (ஒற்றை இழை நைலான் லைன்) அளவே இருப்பதால் பார்க்கச் சரியாகத்தான் தெரியும். ஆனால் மோனோ இழுபடும், பிரெய்ட் ஏறக்குறைய இழுபடவே இழுபடாது. டிராக்கை (மீன் இழுக்கும்போது லைனை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடி) இறுக்கிவிட்டுக் கட்டையில் மாட்டிய லூரை ராடோடு சேர்த்து இழுத்தால் லைனுக்கு முன்னால் ராடு ஒடியும். இந்த செட்டைச் சேர்த்துக் கட்டியவர் பெட்டி, ராடு, லைன் மூன்றையும் ஒரு முறையாவது பக்கத்தில் வைத்துப் பார்த்தாரா?

"3 அங்குலம் குறைஞ்சா மீன் கடிக்காதா சார்?" இது உங்கள் போன் ஊழியர். இவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இதே நபர்தான், பாலமர் முடிச்சு என்று நான் சொன்னதும் சிரித்துவிட்டு, "ஷூ லேஸ் கட்டத் தெரியும்ல, அதே மாதிரிதான், கத்துக்கிட்டு வாங்க" என்றவர். உரையாடல் பதிவாகிறது என்று உங்கள் குரலே ஆரம்பத்தில் சொல்கிறது. அந்தப் பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள். நான் ஒரு மரியாதைக் குறைவான வார்த்தை பேசியிருந்தால் சொல்லுங்கள், இந்தப் புகாரை இப்போதே திரும்பப் பெறுகிறேன். அவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

எனக்கு முடிச்சுப் பாடம் நடத்தியவருக்கு உங்கள் செட்டோடு வரும் நீலத் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். "எல்லா லைனுக்கும் ஏற்றது" என்று தலைப்புப் போட்டு நாலு சுற்றுக் கிளின்ச் முடிச்சை வரைந்திருக்கிறீர்கள். மோனோவிலேயே 5, 6 சுற்று வேண்டும். பிரெய்ட் வழுக்கும் இழை, கிளின்ச் அதில் பிடிமானம் இல்லாமல் ஊர்ந்து கழன்றுவிடும். அடுத்தது பாலமர். அதில் 3-வது படமும் 4-வது படமும் இடம் மாறியிருக்கின்றன. சுமார் 6 அங்குலம் லைனை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணில் நுழைத்து, முதலில் தளர்வாக ஒரு சாதா முடிச்சுப் போட்டு, அதற்குப் பிறகுதான் மீதமுள்ள கண்ணிக்குள் லூரை முழுசாக நுழைத்து எடுக்க வேண்டும். பிறகு எச்சிலோ தண்ணீரோ தொட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்து இழுத்து இறுக்க வேண்டும். உங்கள் தாளின்படி லூரை முதலில் நுழைத்தால் முடிச்சு விழவே விழாது. ஃப்ளூரோகார்பனில் இரட்டை இழைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படிய வேண்டும், ஏறினால் இறுகும்போது ஒன்றை ஒன்று வெட்டும். இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் துண்டு லைன்) இணைக்கும் டபுள் யூனி முடிச்சுக்கு இரண்டு பக்கமும் நாலு சுற்று என்கிறீர்கள். பிரெய்ட் பக்கம் 8, லீடர் பக்கம் 5 போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். இந்தத் தாளை நம்பிக் கட்டுகிறவர்களின் மீன் போகும், அவர்களுக்கும் "முடிச்சுப் பிழை" என்று தாள் வரும். பிழையை அச்சடித்து விநியோகிப்பதே நீங்கள்தானே?

செட்டில் உள்ள இன்னொரு ராடு, ஸ்பின்னிங் ராடைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ராடு நன்றாகவே இருக்கிறது, அதில் குறை இல்லை. ரீலில்தான் கோளாறு. 15 பவுண்டு பிரெய்டை வெறும் அலுமினிய ஸ்பூலில் (லைன் சுற்றும் உருளை) நேரடியாகச் சுற்றியிருக்கிறீர்கள். அடியில் மோனோ இல்லை, ஒட்டுநாடா இல்லை. பிரெய்ட் உலோகத்தைப் பற்றாது. மீன் இழுக்கும்போது சுற்றிய லைன் மொத்தமும் ஸ்பூலின் மேலேயே சுழல்கிறது. டிராக் தளர்ந்தது போலத் தோன்றும். ஸ்பூலை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு லைனை இழுத்தால் உண்மை தெரிந்துவிடும்: ஸ்பூல் அசையாமல் நிற்க, லைன் வரும். இதைப் பொறுமையாக விளக்கியதற்குக் கிடைத்த ஆலோசனை, "டிராக்கை ஃபுல்லா டைட் பண்ணுங்க சார்." ஸ்பூல் நின்றிருக்க லைன் வழுக்குகிறது என்கிறேன், டிராக்கை இறுக்கி என்ன பயன்? அதில் இருப்பது 8 பவுண்டு லீடர். டிராக் லைனின் அறும் வலிமையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள், அதாவது இங்கே 2 முதல் சுமார் 2.7 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். முழுசாக இறுக்கினால் நல்ல பாஸ் ஒரே உதறலில் லீடரை அறுத்துக்கொண்டு போய்விடும். உங்கள் ஊழியர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவர் யாருமே இல்லையா?

இதனால் எனக்கு என்ன நஷ்டம் என்று உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது, அதில் நாலு சொல்லுக்கு மேல் தட்ட முடியவில்லை. இங்கே எழுதுகிறேன். தண்ணீர் 15 டிகிரி செல்சியஸைத் தொட்டு, முட்டையிடப் பெரிய பாஸ்கள் கரையோர ஆழமில்லாத இடத்துக்கு ஏறும் பருவம் ஆண்டுக்கு ஒரு முறைதான். அந்தப் பருவம் முழுவதும் உங்கள் டோக்கன் எண்களோடு கழிந்தது. அது போனது போனதுதான், உலகத்தில் எந்த நிறுவனமும் அதைத் திருப்பித் தர முடியாது. போன மீன்களுக்கும் மன உளைச்சலுக்கும் விலை போட்டால் உங்கள் செட்டைப் போல நூறு செட் வாங்கலாம்.

ஆனாலும் மரியாதையாகவே கேட்கிறேன். பெட்டியில் எழுதியபடி 7 அடி 3 அங்குல ஹெவி ஃபாஸ்ட் ராடு வேண்டும், அனுப்பும் முன் எல்லா வளையங்களும் பஞ்சு வைத்துச் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். பிய்ந்த 50 பவுண்டு பிரெய்டுக்குப் பதில் புதிய லைன் முழுசாக வேண்டும், அறுந்த இடத்தை வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டாம், விரிசல் வளையத்தில் ஓடிய பகுதி எல்லாமே சந்தேகத்துக்குரியது. அந்த ஒற்றை வரி நிராகரிப்புத் தாளை ரத்து செய்து எழுத்தில் தர வேண்டும். முடியாது என்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்தில்தான் சந்திப்போம். டேப் பிரிக்காத கவர், பெட்டி வில்லை, ராடு அச்சு, நீலத் தாள் எல்லாம் பத்திரமாக என்னிடம் இருக்கின்றன. அங்கே யாராவது ஒருவர் அந்தக் கவரைப் பிரித்துத்தானே ஆக வேண்டும். அதுவரை போக வைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: ஸ்பின்னிங் ரீலையும் மாற்றித் தருவதாக இருந்தால், அடியில் பத்துப் பதினைந்து சுற்று மோனோ போட்டு, அதன்மேல் பிரெய்டை இறுக்கமாகச் சுற்றி, ஸ்பூல் விளிம்புக்கு எட்டில் ஒரு அங்குலம் கீழே நிறுத்தி அனுப்பவும். வழிய வழியச் சுற்றினால் வீசும்போது கொத்தாகக் கழன்று சிக்கும். அது தெரியாது என்றால் வெறும் ஸ்பூலையும் லைனையும் தனித்தனியாக அனுப்பிவிடுங்கள், நானே சுற்றிக்கொள்கிறேன்.