செல்விக்கு, அந்த 68 பற்றி

அன்புள்ள செல்வி,

ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, மன்னித்துவிடு. அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. மாலாவுக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பீச் தெரபி கொடுக்கிறவள் நான், ஐ.க்யூ. டெஸ்ட் எடுக்கிறவள் நீ, உன்னிடம்தான் இதைக் கொட்ட வேண்டும்.

போன வாரம் ஐந்து வயதுப் பையன் ஒருவனைப் பாட்டி கூட்டிவந்தார். காது நன்றாகக் கேட்கிறது, ஆனால் இரண்டு சொல்லைச் சேர்க்கவே திணறுகிறான். போன வருஷமே ஓரிடத்தில் ஸ்பீச் தெரபி கேட்டிருக்கிறார்கள். "முதல்ல ஐ.க்யூ. பார்த்துட்டு வாங்க" என்றார்களாம். பார்த்தார்கள், 68 வந்தது. அறிவே குறைவு, அதற்கு ஏற்ற பேச்சுதான் இருக்கிறது, தெரபியால் பெரிதாகப் பலன் இருக்காது என்று அனுப்பிவிட்டார்கள். மடிப்பெல்லாம் கிழிந்துபோன அந்த ரிப்போர்ட்டை மஞ்சள் பையிலிருந்து பாட்டி எடுத்து நீட்டினார். பினே-காமத் டெஸ்ட். கேள்வியைக் காதால் வாங்கி வாயால் பதில் சொல்ல வேண்டியதுதானே அதில் பாதிக்கு மேல்? பேச்சு வராத பிள்ளையிடம் பேச்சைக் கேட்டு, வரவில்லை என்றதும் அறிவில் கழித்திருக்கிறார்கள், எனக்கு வயிறு எரிந்தது செல்வி.

எங்கள் சைக்காலஜிஸ்ட் செகின் பலகையைக் கொடுத்தார், வாயால் பதில் சொல்லாமல் கட்டைகளை அதனதன் குழியில் பொருத்துகிற டெஸ்ட். பத்துக் கட்டையையும் மளமளவென்று வைத்தான், நட்சத்திரத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொருத்திவிட்டு "ஆச்சு" என்றான். "பார்த்தீங்களா, புத்திசாலிப் பையன்!" என்று பாட்டியிடம் சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி அதுவே உறுத்தியது. பலகையிலும் அவன் தடுமாறியிருந்தால்? அப்போதும் தண்ணி கேட்க, வலிக்கிறது என்று சொல்ல அவனுக்குப் பேச்சு வேண்டாமா? அறிவுக்கும் பேச்சுக்கும் இடைவெளி இருந்தால்தான் உதவி என்ற கணக்கே தப்பு. 2017-லேயே, பிள்ளைகளின் மொழிக் கோளாறுகளை ஆராய்ந்த டோரதி பிஷப்பின் குழுவில் 50-க்கும் மேற்பட்ட நிபுணர்கள் கலந்து பேசி, மொழி வளர்ச்சிக் கோளாறு என்று சொல்ல அந்த இடைவெளி தேவையில்லை என்று முடிவுசெய்துவிட்டார்கள். அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைக்கும் பேச்சு உதவி உண்டு என்பதுதானே அதற்கும் மேலே? இங்கே இன்னும் வாசலிலேயே ஐ.க்யூ. எண்ணைக் கேட்கிறார்கள்.

டெஸ்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு வேண்டும், எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்குத் தெரியவும் வேண்டும். ஆனால் அது முடியும்வரை தெரபியை ஏன் நிறுத்திவைக்க வேண்டும்? உன் ரிப்போர்ட்டில் எந்த டெஸ்ட், எந்த மொழியில், எவ்வளவுக்கு வாயால் பதில் என்று எழுது. கீழே, இந்த எண்ணைக் காட்டிப் பேச்சுப் பயிற்சியை மறுக்க வேண்டாம் என்றும் ஒரு வரி. நீ எழுதினால் கேட்பார்கள்டி, நான் எழுதினால் என் பிழைப்புக்காக என்பார்கள்.

செவ்வாய்க்கிழமை தோறும் இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். நேற்று "பாட்டி, வா" என்றான்.

உன்
வசந்தி