சொட்டுக் கணக்கும் தொடக்கூடாத கால்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

'இரண்டே நாளில் அரோமாதெரபி, மசாஜ் பயிற்சி. சான்றிதழ் நிச்சயம்' என்ற பாணி விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டுமுன், அந்த நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, கிடைக்கப்போவது தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழா, இல்லை நிலையமே அச்சடித்த தாளா என்று பிள்ளைகளும் பெற்றோரும் கேட்க வேண்டும். அதைவிட முக்கியமாக இன்னொன்றையும் கேட்க வேண்டும்: யாருக்கு மசாஜ் செய்யக்கூடாது என்பதற்கு எத்தனை மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? வருடல், பிசைதல், தட்டல் எல்லாம் செய்யச்செய்யக் கைக்கு வந்துவிடும். வந்தவரைத் திருப்பி அனுப்பத் தெரிவதுதான் கடினம்.

கனடாவிலிருந்து நாள் முழுக்கப் பறந்து வந்த உறவினர் ஒருவர் வெள்ளவத்தையில் ஒரு நிலையத்துக்கு வந்து, "ஒரு கால் மட்டும் வீங்கி நோகுது, கொஞ்சம் உருவி விடுங்கோ" என்கிறார் என்று வையுங்கள். கெண்டைக்கால் சூடாகவும் சிவந்தும் இருந்தால் அது ஆழ்நாளத்தில் உறைந்த குருதிக்கட்டியாக இருக்கலாம். அழுத்தி உருவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடலாம். அவர் உடனே போகவேண்டிய இடம் வைத்தியசாலை. பாதம் மரத்துப்போன நீரிழிவுக்காரருக்கு அழுத்தமும் தெரியாது, சுடுதுவாயின் சூடும் தெரியாது. "நொந்தால் சொல்லுங்கோ" என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. விரலிடுக்கில் புண் உண்டா என்று நாம்தான் பார்க்க வேண்டும். குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவரை ஆழ அழுத்தினால் உடம்பு கன்றிப்போகும். நோவுத் தைலங்களில் சேரும் விண்டர்கிரீன் எண்ணெயோ தோலூடாகச் சென்று அந்த மருந்தின் வீரியத்தையே கூட்டிவிடும்.

இதையெல்லாம் அறியத்தான் முதலில் வந்தவரிடம் உடல்நலப் படிவம் நிரப்பி வாங்குகிறோம். அது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஓர் அம்மா எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று கோடிட்டுக் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார். தமிழ்ப் படிவம் அச்சிடப் பெரிய செலவில்லை.

இனி, அரோமாதெரபியில் நல்லெண்ணெய் போன்றதில் கலந்து பூசும் செறிவான வாசனை எண்ணெய். 20 சொட்டு ஒரு மில்லிலீற்றர் என்பது பொதுக் கணக்கு. 30 மில்லிலீற்றர் நல்லெண்ணெயில் 2 வீதக் கலவைக்கு 12 சொட்டு வாசனை எண்ணெய். முகத்துக்கும் முதியவருக்கும் 1 வீதம் போதும், அதாவது 6 சொட்டு. அதே 12 சொட்டை 10 மில்லிலீற்றரில் விட்டால் கலவை 6 வீதமாகிவிடும். தோல் எரிவதும் சிவப்பதும் அதற்குப் பிறகு வியப்பில்லை. சொட்டின் பருமனும் போத்தலுக்குப் போத்தல் மாறும். புதுப் போத்தல் திறந்ததும் ஒரு மில்லிலீற்றர் சிறிஞ்சில் சொட்டுகளை எண்ணிப் பார்த்துப் போத்தலிலேயே எழுதி வைப்பது நல்லது.

நம் நாட்டுக் கறுவாவிலேயே இரண்டு எண்ணெய்கள் உண்டு. இலை எண்ணெயில் தோலை உறுத்தும் யூஜினோல் என்ற பொருள் மிகுதி, 0.6 வீதத்துக்கு மேல் தோலில் படக்கூடாது. 30 மில்லிலீற்றருக்கு 3 சொட்டோடு நிறுத்த வேண்டும். பட்டை எண்ணெயில் அதைவிடக் கடுமையான சின்னமால்டிஹைட் மிகுதி. அதற்கு 0.07 வீதமே எல்லை என்பதால் 30 மில்லிலீற்றருக்கு ஒரு சொட்டுக்கூட அதிகம். போத்தலில் வெறுமனே 'கறுவா எண்ணெய்' என்று மட்டும் இருந்தால் வாங்கவே கூடாது. தோலைப் பிழிந்தெடுத்த தேசிக்காய் எண்ணெய் பூசியவர் 12 மணித்தியாலத்துக்கு வெயிலில் போகக்கூடாது, தோல் கொப்புளித்துக் கறுத்துவிடலாம். நீராவியில் வடித்ததற்கு இந்த அபாயம் இல்லை. கொழும்பு வெக்கையில் தேசிக்காய், தோடை எண்ணெய்கள் காற்றோடு கலந்து விரைவில் கெடும். கெட்ட எண்ணெய் ஒவ்வாமையை எளிதில் கிளப்பும். கருநிறக் கண்ணாடிப் போத்தல், இறுக்கிய மூடி, குளிர்சாதனப் பெட்டி என்று வைத்தால் ஒரு வருடம் தாக்குப் பிடிக்கும்.

பலரும் கவனிக்காதது துவாய். சரியாகக் கழுவப்படாத எண்ணெய்த் துவாய்களை உலர்த்தியிலிருந்து எடுத்துச் சூட்டோடு அடுக்கினால், உள்ளே வெப்பம் ஏறித் தானாகவே தீப்பிடிக்கலாம். சுடுநீரில் கழுவி, நன்றாக ஆறிய பிறகே மடிக்க வேண்டும்.

தங்கள் பத்திரிகையில் இத்தகைய பயிற்சி விளம்பரங்கள் வரும்போது நிலையத்தின் பதிவு இலக்கத்தையும் கேட்டு வாங்கிப் பிரசுரித்தால் உதவியாக இருக்கும்.

இத்துறைப் பயிற்றுநர்கள்,
கொழும்பு 06.