17 வயசுல வீடு வாங்கணும்னு கேக்குற என் பொண்ணுக்கு

கண்ணு,

கடன் வாங்கி ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடப் போறேன், அதுக்கு ஜாமீன் கையெழுத்து போடுன்னு எழுதியிருந்தியே, அந்தக் கையெழுத்தை இப்ப போட மாட்டேன்மா. அதை முதல்லயே சொல்லிடுறேன், இல்லன்னா கடைசி வரைக்கும் நீ அதையே தேடிக்கிட்டு படிப்ப, நடுவுல நான் சொல்ற எதுவும் மனசுல ஏறாது.

ஆனா உன் ஆசை தப்புன்னு நான் நினைக்கல. இந்த வயசுல வாடகை எவ்ளோ வட்டி எவ்ளோன்னு கேக்குற பொண்ணு எனக்கு பொறந்திருக்கான்னு நெஞ்சு நிறைஞ்சுதான் இருக்கு. இத்தனை வருஷமா வாடகை வீடுங்களை பாத்துக்கிற ஆபீஸ்ல உக்காந்து கணக்கு எழுதுறேன், எந்த வீடு சோறு போடும் எந்த வீடு ஆளை முழுங்கும்னு அந்த லெட்ஜர்ல பாத்துக்கிட்டேதான் இருக்கேன், அதை உனக்கு சொல்லாம வேற யாருக்கு சொல்லப் போறேன்.

முதல்ல சட்டம். பெரும்பாலான நாட்டுல 18 முடிஞ்சாதான் மேஜர். ஜப்பான்ல 20-ஆ இருந்ததை 2022 ஏப்ரல்லதான் 18 ஆக்குனாங்க, தென்கொரியாவுல 19. அதுக்கு முன்னாடி நீ போடுற அக்ரிமென்ட் சில நாட்டுல செல்லவே செல்லாது, சில நாட்டுல நீ வேணாம்னு நினைச்சா அதுல இருந்து விலகிக்கலாம். கேக்குறப்ப உனக்கு சாதகமா தோணும், ஆனா அதனாலேயேதான் பேங்க் உன்னை நம்பி கடன் தராது, விக்கிறவங்களும் உன்கூட தனியா கையெழுத்து போட வர மாட்டாங்க. கார்டியன் மூலமா மைனர் பேர்ல சொத்து வாங்குற வழி பல இடத்துல இருக்கு, ஆனா அப்படி வாங்கினதை நீ மேஜர் ஆகுறதுக்குள்ள விக்கணும்னா கோர்ட் அனுமதி கேக்குற நாடுங்களும் நிறைய இருக்கு. அவசரத்துக்கு விக்கவும் முடியாது, அடமானம் வெக்கவும் முடியாதுன்னா அந்த சொத்து யாருக்கு என்ன உதவி சொல்லு.

ஜாமீன்னா சும்மா சாட்சி கையெழுத்து மாதிரின்னு நீ நினைச்சிருக்க போல. அப்படி இல்லம்மா. நீ ரெண்டு மூணு தவணை கட்டலன்னா பேங்க் நேரா என்கிட்ட வரும், முழு கடனுக்கும் நானும் பொறுப்பு, நம்ம இருக்கிற வீடும் என் கடைசி காலத்துக்கு சேத்து வெச்சிருக்கிறதும் அதுக்குள்ள போகும். அதோட உன் பேர்ல விழுற கடன் கறை பல வருஷம் ரெக்கார்டுல நிக்கும், 25 வயசுல நிஜமாவே ஒரு நல்ல வீடு கண்ணுல படும்போது அந்தப் பழைய கறை முன்னாடி வந்து நிக்கும். எனக்கு என் பணத்தை விட அதுதான் பயம்.

இப்ப கணக்குக்கு வா, நீ பேப்பர் எடுத்துக்கிட்டு என்கூடவே போட்டுப் பாரு. ஒரு லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருஷம்னா மாசத் தவணை 900 வரும். முதல் மாசம் நீ கட்டுற அந்த 900-ல 750 வட்டிக்கு போயிடும், அசல்ல கழியிறது வெறும் 150. அஞ்சு வருஷம் ஒரு மாசம் கூட தவறாம கட்டியிருப்ப, மொத்தம் 54,000 கிட்ட போயிருக்கும், அப்பவும் கடன் பாக்கி 88,000-க்கு மேல இருக்கும். நம்புற மாதிரியே இருக்காது, ஆனா அதுதான் கணக்கு. 20 வருஷம் முடியும்போது ஒரு லட்சத்துக்கு ரெண்டு லட்சத்து பதினாறாயிரம் கட்டியிருப்ப. அதனால "அஞ்சு வருஷம் வெச்சிருந்து வித்துடுவேன்"னு நீ எழுதியிருந்தியே, அந்த அஞ்சு வருஷத்துல உனக்கு சேர்றது விலை ஏறினா மட்டும்தான், கடன் பெருசா குறைஞ்சிருக்காது.

"வாடகையே தவணையை கட்டிடும்"னும் எழுதியிருந்த. வீட்டு விலை 100-ன்னு வெச்சுக்கோ, வருஷ வாடகை 6 வருதுன்னு வெச்சுக்கோ. வருஷத்துல ஒரு மாசம் ஆள் இல்லாம பூட்டிக் கிடந்தா அரை போச்சு. அப்புறம் வீட்டு வரி, இன்ஷூரன்ஸ், குழாய் ரிப்பேர், ஆள் காலி பண்ணிட்டு போனதும் பெயின்ட், எல்லாம் சேத்து ஒண்ணரைன்னு குறைச்சே வெக்கிறேன். கையில நிக்கிறது 4. உன்கிட்ட 20 இருந்து 80 கடன் வாங்கியிருந்தா அதே 9 சதவீதத்துல வருஷத்துக்கு தவணை மட்டும் 8.6 வரும். மீதி 4.6 எங்கேருந்து வரும்? உன் சம்பளத்துல இருந்து, அதாவது இன்னும் நீ வாங்க ஆரம்பிக்காத சம்பளத்துல இருந்து. வாடகை அதிகமா வந்து வட்டி கம்மியா இருக்கிற இடங்களும் உலகத்துல இருக்கு, அங்க இந்தக் கணக்கு தலைகீழா திரும்பும், அதனாலதான் சொல்றேன், யார் எங்க சம்பாதிச்சாங்கன்னு கதை கேக்காதே, நீ வாங்கப் போற வீட்டுக்கு வாடகை, காலி மாசம், செலவு, தவணைன்னு இந்த நாலு நம்பரை நீயே போடு.

கடன் வாங்கி வாங்குறதுல பெரிய லாபம் இருக்குன்னு நீ சொன்ன அந்த ரியல் எஸ்டேட் கோர்ஸ் நடத்துற ஆளு சொன்னது பொய் இல்ல. 20 போட்டு 100 பெறுமான வீடு வாங்கி விலை 110 ஆனா உன் 20 வந்து 30 ஆயிடும், பாதிக்குப் பாதி லாபம், உண்மைதான். ஆனா அதே வீடு 80-க்கு இறங்கினா உன் 20 மொத்தமும் காலி, கடன் மட்டும் அப்படியே நிக்கும், இந்தப் பக்கத்தை அவரு சொல்லவே இல்ல பாத்தியா. நிலம் விலை இறங்கவே இறங்காதுன்னு சொல்றவங்ககிட்ட ஜப்பானைப் பத்தி கேளு, 1990 வாக்குல உச்சத்துல இருந்த நில விலை அப்புறம் பத்து வருஷத்துக்கும் மேல இறங்கிக்கிட்டே போச்சு. அமெரிக்காவுல 2006-க்கு அப்புறம் வீட்டு விலை நாட்டு சராசரியிலேயே கால்வாசிக்கு மேல விழுந்துச்சு, லட்சக்கணக்கான குடும்பங்க வீட்டை பேங்க்கிட்ட விட்டுட்டு வெளிய வந்தாங்க. அவங்கள்ல நிறைய பேர் சோம்பேறியும் இல்ல முட்டாளும் இல்ல, தாங்க முடியாத கடன்ல தப்பான நேரத்துல மாட்டிக்கிட்டவங்க. கையில ஆறு மாசத் தவணைக்கு பணம் தனியா இல்லாம யாரும் வீடு வாங்கக்கூடாதுங்கிறது என் உறுதியான அபிப்பிராயம், உனக்குன்னு இல்ல, யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

அந்த கோர்ஸ் பத்தி. "உன் பணம் ஒண்ணும் வேணாம், ஒப்பந்தம் மட்டும் போட்டு இன்னொருத்தருக்கு கைமாத்தி விட்டா நடுவுல கமிஷன்"னு சொல்றாங்களே, அந்த வேலை சில இடத்துல சட்டப்படி செய்யலாம், சில இடத்துல லைசென்ஸ் இல்லாம செஞ்சா மாட்டிப்ப, அதோட அந்த ஒப்பந்தமே மைனர் போட்டதுன்னா யாரு மதிப்பாங்க. வீட்டுல லாபம் பாக்கத் தெரிஞ்சவரு ஏன் ராத்திரி பகலா கோர்ஸ் வித்துக்கிட்டு இருக்காருன்னு ஒரு நிமிஷம் யோசி. அதுல சொல்லித் தர்றது எல்லாம் லைப்ரரியில கிடைக்கும், மிச்சத்தை நான் சொல்லித் தர்றேன்.

சரி, அப்ப என்ன பண்றதுன்னு கேப்ப. நிறைய இருக்கு.

உன் பேர்ல நான் கார்டியனா ஒரு அக்கவுன்ட் திறக்கிறேன், நீ பார்ட் டைம்ல சம்பாதிக்கிறதுல ஒரு பங்கை அதுல போடு, ரீட் வாங்கலாம். ரீட்னா, பெரிய ஆபீஸ் கட்டடம், குடோன், கடைங்க இதையெல்லாம் ஒரு நிறுவனம் சொந்தமா வெச்சிருக்கும், அதோட பங்கை ஷேர் மாதிரி நாம வாங்கிக்கலாம், வர்ற வாடகையில நமக்கும் பங்கு வரும். 1960-ல அமெரிக்காவுல இதுக்கு சட்டம் போட்டாங்க, வரி போட வேண்டிய வருமானத்துல 90 சதவீதமாவது பங்குதாரருக்கு குடுத்தே ஆகணும்னு அங்க விதி, அப்புறம் பல நாடு அதே மாதிரி கொண்டு வந்துச்சு. இதுவும் இறங்கும், 2022-ல வட்டி ஏறினப்ப பல நாட்டுல ரீட் விலை நல்லாவே விழுந்துச்சு. ஆனா கடன் இல்லாம சின்னத் தொகையில போட்டிருந்தா அந்த இறக்கத்தை உக்காந்து வேடிக்கை பாக்கலாம், யாரும் கதவைத் தட்ட மாட்டாங்க. அவங்க வருஷ அறிக்கையை படி, எத்தனை சதவீதம் இடம் காலியா கிடக்கு, குத்தகை எப்ப முடியுது, கடன் எவ்ளோன்னு மூணு விஷயத்தை மட்டும் தேடு, வீடு வாங்கும்போதும் அதே மூணு கேள்விதான்.

அதைவிட முக்கியமா நான் நினைக்கிறது வீடு பாக்குறது. வாங்க இல்ல, பாக்க. விக்கிறதுக்கு வர்ற வீடுங்களை ஒரு ஷீட்ல எழுதிக்கிட்டே வா, கேட்ட விலை, எத்தனை நாள் விக்காம கிடந்துச்சு, கடைசியில எவ்ளோவுக்கு போச்சு, அந்தத் தெருவுல வாடகை எவ்ளோ. ஒரே ஏரியாவை எடுத்துக்கோ, ஊரெல்லாம் அலையாதே. ஒரு வருஷம் இதை விடாம எழுதினா விலையைப் பாத்ததும் இது ஜாஸ்தின்னு உனக்கே தோணும். நேர்ல போறப்ப மழை பெஞ்ச மறுநாளா பாத்துப் போ. சீலிங் முழுக்க பழைய பெயின்ட் இருந்து ஒரு மூலையில மட்டும் புதுசா வெள்ளை அடிச்சிருந்தா மேல பாத்ரூம் எங்க இருக்குன்னு பாரு, பெரும்பாலும் அந்த மூலைக்கு நேர் மேலதான் இருக்கும். சிங்க் அடியில இருக்கிற கதவைத் திறந்து மோந்து பாரு, பலகை உப்பியிருக்கான்னு விரலால அழுத்திப் பாரு. எல்லா குழாயையும் ஒரே நேரத்துல திறந்து விட்டுட்டு தண்ணி வேகம் குறையுதான்னு பாரு. எல்லா டேப்பையும் மூடின அப்புறமும் தண்ணி மீட்டர் சுத்துச்சுன்னா எங்கேயோ ஒழுகுதுன்னு சந்தேகப்படு. எங்க லெட்ஜர்ல ஒரு வீடு இருக்கு, மூணு வருஷ வாடகை லாபத்தை ஒரே ஒரு ஒழுகின பைப் சாப்பிட்டுச்சு, சுவர் இடிச்சு, கீழ் போர்ஷன்காரங்களுக்கு நஷ்டஈடு குடுத்து, ரெண்டு மாசம் வாடகை இல்லாம. அந்த ஓனர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பிளம்பரை கூட்டிட்டுப் போயிருந்தா முடிஞ்சிருக்கும்.

பத்திரம் படிக்கவும் இப்பவே பழகு. தாய்ப்பத்திரத்துல இருந்து இன்னைக்கு விக்கிறவர் வரைக்கும் கை மாறினது சங்கிலி மாதிரி விடாம வரணும், நடுவுல ஒரு வாரிசு கையெழுத்து போடாம விட்டிருந்தா நாளைக்கு அவங்க வந்து நிப்பாங்க. அடமானம், கோர்ட் கேஸ், வரி பாக்கி இருக்கான்னு வில்லங்கம் பாக்கணும். பதிவு பண்ணிட்டாங்கன்னா விக்கிறவருக்கு உரிமை இருக்குன்னு அரசாங்கம் உத்தரவாதம் குடுத்த மாதிரின்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, எல்லா நாட்டுலயும் அப்படி இல்ல. 1858-ல தெற்கு ஆஸ்திரேலியாவுல டோரன்ஸ் முறைன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, அங்க ரிஜிஸ்டர்ல பேர் இருந்தாலே உரிமை உறுதி. அந்த மாதிரி உத்தரவாதம் இல்லாத இடத்துல பதிவுங்கிறது அந்தப் பத்திரத்தை எழுதி வெச்சுக்கிற வேலை மட்டும்தான், உரிமை இருக்கான்னு வக்கீலை வெச்சு நாமதான் பாக்கணும். நீ எந்த நாட்டுல வாங்கினாலும் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி இது.

லீவுல சும்மா இருக்காம வாடகை வீடு பாத்துக்கிற ஆபீஸ்ல, இல்லன்னா புரோக்கர்கிட்ட வேலைக்கு சேரு. சாவி எடுத்துட்டுப் போய் வீடு காட்டுறது, போட்டோ எடுக்கிறது, அட்வான்ஸ் ஏன் திருப்பித் தரலன்னு சண்டைக்கு வர்றவங்ககிட்ட பேசுறது, இதெல்லாம் உக்காந்து படிச்சா வராது. வாடகைக்கு இருக்கிறவங்களும் மனுஷங்கதான்னு அங்கதான் புரியும். பிளாக் கலர் பூஞ்சை புடிச்ச ரூம்ல குழந்தையை படுக்க வெச்சிருக்கிறவங்களை நேர்ல பாத்த அப்புறம் "ரிப்பேர் செலவை தள்ளிப் போடலாம்"னு உன் ஷீட்ல நீ எழுத மாட்ட, நீ எழுதக்கூடாதுன்னுதான் எனக்கும் ஆசை.

18 ஆனதும் உன் பேர்ல நல்ல கடன் ரெக்கார்டு சேர ஒரு சின்ன கிரெடிட் கார்டு வாங்கு, மாசா மாசம் முழுசா கட்டிடு, போன் பில்லு தேதி தவறாம கட்டு. வேலைக்கு போய் வருமானம் நிலையானதும் ரெண்டு மூணு போர்ஷன் இருக்கிற வீடா பாத்து ஒண்ணுல நீ இருந்துட்டு மத்ததை வாடகைக்கு விடுறது எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி, சொந்தமா குடியிருக்கிற வீட்டுக்கு பல நாட்டுல கடன் சுலபமா கிடைக்கும், வட்டியும் கம்மி, ஒழுகினா உனக்குத்தான் முதல்ல தெரியும். அப்ப என்கிட்ட வா. ஜாமீன் போடுறதைப் பத்தி மறுபடி பேசலாம், இல்லன்னா முன்பணத்துல நானும் ஒரு பங்கு போடுறேன், ஆனா யாருக்கு எத்தனை பங்கு, யாராவது விலகணும்னா எப்படின்னு எழுதி வெச்சுக்கிட்டுதான். அம்மா பொண்ணுக்குள்ள எதுக்கு பேப்பர்னு கேக்காதே, பணத்தால பேச்சு நின்னு போன அம்மா பொண்ணுங்க பேரு எங்க லெட்ஜர்லயே இருக்கு.

கோர்ஸுக்கு அட்வான்ஸ் கட்டியிருந்தா எத்தனை நாளைக்குள்ள கேட்டா திருப்பித் தருவாங்கன்னு பாத்து உடனே மெயில் போடு, போன்ல சொல்லாதே. அப்புறம் நீ லிங்க் அனுப்பினியே ஒரு மாடி வீடு, 14 போட்டோ போட்டிருக்காங்க, அதுல ஒண்ணுல கூட பாத்ரூம் இல்ல. ஏன்னு கேட்டு எனக்கு எழுது.

அம்மா