தென்னாப்பிரிக்கா டர்பன்லேருந்து தம்பி எழுதுறது

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். விசா வந்துருச்சுன்னு நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள பின்னாடி அம்மா "அங்க வெத்தல கிடைக்குமான்னு கேளுடி"ன்னு கத்துனது நல்லாவே கேட்டுச்சு. கிடைக்கும், சொல்லிரு. வாழயிலை, மஞ்சக்கொத்து, வேப்பிலை எல்லாமே கிடைக்கும், அதையெல்லாம் பொட்டில கட்டிக்கிட்டு வர வேணாம், பச்சையா எது கொண்டாந்தாலும் ஏர்போர்ட்ல புடுங்கிருவாங்க.

அத்தான் ஒரு லிஸ்ட் அனுப்பிருக்காரு, பாத்தேன். ஸ்டேடியம், மீன் காட்சி, மால், பீச், மறுபடியும் ஒரு மால். நெட்ல எடுத்தது போல. அதெல்லாம் தப்பில்ல, ஆனா ஒன்பது நாளுக்கு அது போதாது, அதுவும் அம்மாவ வெச்சுக்கிட்டு மால் மாலா ஏறி எறங்க முடியாது, அதான் நானே உக்காந்து எழுதுறேன், ஃபோன்ல சொன்னா நீ பாதில அடுப்பப் பாக்கப் போயிருவ.

மொதல்ல கடற்கரை. கோல்டன் மைல்னு பேரு, மைல்னு சொல்றாங்களே தவிர அதவிட நீளம், பூரா நடக்கறதுக்குத் தளம் போட்டு வெச்சிருக்காங்க. காலைல அஞ்சரை, ஆறு மணிக்குப் போயிரணும். நம்ம தரங்கம்பாடி மாதிரியே சூரியன் கடல்லேருந்துதான் வரும், அம்மாவுக்கு அது ஒண்ணு போதும். தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், ஆனா சுறா உண்டு, அதுக்காக 1952-லேருந்தே கடலுக்குள்ள வலை கட்டி வெச்சிருக்காங்க, கொடி நட்டுருக்கற எடத்துல மட்டும் எறங்கணும். அங்கேயே ரிக்‌ஷா இழுக்கற சுலு ஆளுங்க, இந்த ஊரு பூர்வீகச் சனம், நிப்பாங்க, தலைல மாட்டுக் கொம்பும் பாசிமணியுமா பெரிய கிரீடம், நம்ம ஊரு காளியாட்டம் தோத்துரும். மனுசன் இழுக்கற வண்டில அம்மா ஏறாதுன்னு எனக்குத் தெரியும். கூட நின்னு ஃபோட்டோ எடுத்தாலும் காசு குடுக்கணும், மொதல்லயே பேசிரு. ஒரு ரேண்டுன்னா நம்ம காசுக்கு அஞ்சு ரூபா கிட்டன்னு வெச்சுக்க.

ஸ்டேடியம் கடற்கரைக்குப் பக்கத்துலதான், 2010 உலகக் கோப்பைக்குக் கட்டுனது, மேல வில்லு மாதிரி ஒரு வளைவு 106 மீட்டர் ஒசரம். கார்ல போறப்பவே தெரியும். அத்தான் திருப்திக்கு எறங்கி ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்.

அடுத்தது டவுன். இதுக்கு ஒரு முழு நாள் வேணும். கிரே ஸ்ட்ரீட்னு எல்லாரும் சொல்ற தெருவுக்கு இப்ப டாக்டர் யூசுப் தாதூ தெருன்னு பேரு, ஆனா டாக்சிக்காரன்கிட்ட பழைய பேரச் சொன்னாதான் புரியும். வெள்ளக்காரன் காலத்துலேருந்து இந்தியாக்காரங்க கடை வெச்ச ஏரியா. பெரிய ஜும்மா பள்ளிவாசல், அத ஒட்டி மதரசா ஆர்கேட்னு சந்து மாதிரி கடைத்தெரு, அந்தப் பக்கம் வெளிய வந்தா மாதாகோயில். துணிக்கடை, பாத்திரக்கடை, பூசை சாமான் கடைன்னு சந்துக்குள்ள போனா மாயவரம் பட்டமங்கலத் தெருவுல நடக்கற மாதிரியே இருக்கும், என்ன, கடைல நிக்கற பொண்ணு "ஹவ்ஸிட் ஆன்ட்டி"ங்கும், எப்படி இருக்கீங்கன்னு அர்த்தம்.

அங்கேருந்து நடந்தே விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட். பழசு 1973-ல தீப்புடிச்சு எரிஞ்சு போச்சு, இப்ப இருக்கறது அப்பறம் கட்டுனது. மசாலாவ மலை மாதிரி குமிச்சு வெச்சு பேரு எழுதி வெச்சிருப்பான் பாரு, ஒண்ணுக்குப் பேரு நரக நெருப்பு, இன்னொண்ணு 'மாமியார ஒழிக்கறது'. சத்தியமா. உங்க மாமியாருக்குக் கால் கிலோ வாங்கிட்டுப் போலாம், இந்த எடத்த அத்தானுக்கு வாசிச்சுக் காட்டாத.

அதுக்கு எதுத்தாப்ல வார்விக். பஸ், டாக்சி, ரயில் எல்லாம் வந்து சேர்ற எடம், நாளுக்கு நாலு லட்சம் பேருக்கு மேல வந்து போறாங்கன்னு சொல்றாங்க. அதுல ஏர்லி மார்னிங் மார்க்கெட்னு காய்கறிச் சந்தை, 1934-ல கட்டுனது. நம்ம நாட்டுலேருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா வந்தவங்க ஒப்பந்தம் முடிஞ்சதும் கொஞ்சம் நெலத்தக் குத்தகைக்கு எடுத்து காய் போட்டு தலைல சுமந்து வந்து வித்தாங்கல்ல, அவங்களுக்காக வந்தது. இப்பவும் அந்தக் குடும்பத்து ஆளுங்க சில பேர் மூணாவது நாலாவது தலைமுறையா அதே மேடைல உக்காந்திருக்காங்க. கொத்தவரங்கா, முருங்கக்கா, பாவக்கா, கீரைன்னு எல்லாம் இருக்கும், கீரைக்கு இங்க 'ஹெர்ப்ஸ்'னு பேரு. இத இடிச்சுட்டு மால் கட்டப் பாத்தாங்க, சனம் சண்ட போட்டு நிறுத்திருச்சு. பக்கத்துலயே மூலிகைச் சந்தை, சுலு வைத்தியருங்க வேரு, பட்டை, காஞ்ச பிராணின்னு பரப்பி வெச்சிருப்பாங்க. அம்மாவுக்கு நாட்டு மருந்துக் கடைன்னா நேரம் போறது தெரியாதுல்ல, கையப் புடிச்சுக்க.

ஒண்ணு, வார்விக்ல செல்போன வெளில எடுக்கவே கூடாது. போன வருசம் எனக்கு அங்கதான் போச்சு, பேசிக்கிட்டு நடந்தேன், கைல இருந்தது அடுத்த செகண்டு இல்ல. கழுத்துல செயின் போட்டுக்கிட்டு வராத அக்கா, கல்யாணத்துக்கா வர்ற. இருட்டுனா நடந்து எங்கயும் போறதில்ல, கார்தான்.

சாப்பாடு. பன்னி சௌ, பேரக் கேட்டு அம்மா பயப்பட வேணாம், பன்னியும் இல்ல மொயலும் இல்ல. ரொட்டிய காலாவோ அரையாவோ வெட்டி உள்ள இருக்கற பஞ்ச எடுத்துட்டு அந்தக் குழில கறிக் கொழம்ப ஊத்தித் தர்றது. பனியான்னு சொல்ற கடைக்காரங்களாலதான் அந்தப் பேரு வந்துச்சுங்கறாங்க. வெள்ளக்காரன் சட்டத்துல கறுப்பு ஆளுங்க ஓட்டலுக்குள்ள உக்காந்து சாப்புட முடியாது, அதனால பின்வாசல்ல வாங்கிட்டுப் போறதுக்குத் தோதா ரொட்டியவே பாத்திரமாக்கிட்டாங்கன்னு ஒரு கதை, கரும்புத் தோட்டத்துக்குக் கட்டுச்சோறு கொண்டு போனதுன்னு இன்னொரு கதை. வெள்ளிக்கிழமைன்னா அம்மாவுக்கு பீன்ஸ் பன்னி வாங்கித் தரேன். கைலதான் திங்கணும், ஸ்பூன் கேட்டா சிரிப்பாங்க.

பொட்டானிக் கார்டன்ல ஒரு மணி நேரம். 1849-லேருந்து இருக்கு. அங்க ஒரு பனை மாதிரி மரம், உட்ஸ் சைக்கட்னு பேரு, 1895-ல காட்டுல ஒரே ஒரு ஆண் மரமா கண்டுபுடிச்சாங்க, பொண் மரம் இதுவரைக்கும் உலகத்துல எங்கயும் அகப்படல. பக்கத்துல முளைக்கற கன்னப் பிரிச்சுப் பிரிச்சுதான் நட்டுக்கிட்டு வர்றாங்க. நம்ம சின்ன மாமா கட்டைப் பிரம்மச்சாரியா நிக்கற மாதிரி நிக்கும், அவருக்கு ஒரு ஃபோட்டோ எடுத்துட்டுப் போ.

கோயிலுக்கு நான் தனியா சொல்லணும், என் பொழப்பே அதுதான. நாங்க சுதை வேலை பண்ற கோயில இப்ப பாலாலயம் பண்ணி சாரம் கட்டிருக்கு, நீ வர்றப்ப வர்ணம் பாதிதான் முடிஞ்சிருக்கும், ஸ்தபதிகிட்ட சொல்லி சாரத்துல ஏத்தி விடறேன், அம்மாவ இல்ல, உன்ன. ஆனா பாக்க வேண்டியது மவுண்ட் எட்ஜ்கோம்ப்ல இருக்கற புள்ளையார் கோயில். 1898-ல கிருஸ்டப்ப ரெட்டின்னு ஒருத்தர் கட்டுனது. சுத்தி அப்ப கரும்புத் தோட்டம், இப்ப கோல்ஃப் மைதானமும் பெரிய பெரிய வீடும். கருங்கல்லு கெடையாது, ஸ்தபதி கூட்டம் கெடையாது, செங்கல்ல ஞாபகத்துலேருந்து கோயில் கட்டிருக்காரு. அளவு அங்கங்க நம்ம கணக்குக்கு ஒத்து வரல, நான் மொத தடவ போனப்ப குத்தம் கண்டுபுடிச்சுக்கிட்டேதான் சுத்துனேன், மூணாவது தடவ வாயத் தொறக்கல.

நீங்க வர்ற வாரம் குட் ஃப்ரைடே வருது. அன்னிக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயில். ஆமா, குட் ஃப்ரைடேக்கு மாரியம்மன் திருவிழா! தோட்டத்துல வெள்ளக்காரன் லீவு விட்ட நாள்ல அவங்க ஆத்தாளக் கும்புட்டாங்க, அது அப்படியே நெலச்சுப் போச்சு. சனம் கூட்டம் கூட்டமா வரும், மஞ்சத் துணி, பால் கொடம், சேவல். பாட்ட தமிழ்ல பாடுவாங்க, ஆனா இங்கிலீஷ் எழுத்துல எழுதி வெச்சுப் பாத்துப் பாடுவாங்க, அம்மா சிரிச்சிரக் கூடாது, இப்பவே சொல்லி வெய்யி. தமிழ் பேசத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி. ஆனா பாட்டிய ஆயாங்கறாங்க, தாத்தாவ தாத்தாங்கறாங்க. முதலியார் மூட்லி ஆயிட்டாரு, கவுண்டர் கவெண்டர் ஆயிட்டாரு, படையாச்சி மட்டும் அப்படியே படையாச்சியா இருக்காரு.

ஃபீனிக்ஸ்ல காந்தி 1904-ல போட்ட குடியிருப்பு இருக்கு, அவரு பேப்பர் தமிழ்லயும் அச்சடிச்ச எடம். 1985 கலவரத்துல எரிச்சுட்டாங்க, திருப்பிக் கட்டிருக்காங்க. அங்கேருந்து கொஞ்ச தூரத்துல ஓலாங்கே பள்ளிக்கூடம், 1994 ஏப்ரல் 27 மண்டேலா மொதமொத ஓட்டுப் போட்டது அங்கதான். ரெண்டையும் அரை நாள்ல பாத்துரலாம்.

அப்பறம் பீட்டர்மாரிட்ஸ்பர்க், 80 கிலோமீட்டர். எல்லாரும் காந்திய 1893-ல ரயில்லேருந்து எறக்கி விட்ட ஸ்டேஷனப் பாக்கத்தான் போவாங்க. நமக்கு அந்த ஊர்ல இன்னொண்ணு இருக்கு. காந்தியோட போராட்டத்துல கலந்துக்கிட்ட தில்லையாடி வள்ளியம்மைய அடைச்சு வெச்சது அங்க ஜெயில்லதான். எக்மோர்ல கோ-ஆப்டெக்ஸ் மாளிகைக்குப் பேரு வெச்சிருக்காங்கல்ல, அந்த வள்ளியம்மை. ஜோகன்னஸ்பர்க்ல பொறந்த பொண்ணு, தில்லையாடிய கண்ணாலகூட பாத்ததில்ல, ஜெயில்லேருந்து காச்சலோட வந்து 1914 பிப்ரவரி 22-ல செத்துப் போச்சு, பதினாறு வயசு. பொறையாத்துலேருந்து சைக்கிள்ல எத்தன தடவ அந்த மணிமண்டபத்தத் தாண்டிப் போயிருப்போம், நான் ஒரு தடவகூட உள்ள போனதில்ல, நீ போயிருக்கியா?

இப்ப அத்தானுக்கு ஒரு வேலை இருக்கு, இந்தப் பத்திய அவருகிட்டயே குடுத்துரு.

அத்தான், நான் குடியிருக்கறது சாட்ஸ்வர்த்ல, ஒரு ஆன்ட்டி வீட்டு அவுட் பில்டிங்ல, வீட்டோட தனியா கட்டுன சின்ன போர்ஷன். ஊருக்கு நடுவுல இருந்த இந்தியாக்காரங்கள சட்டம் போட்டுக் கிளப்பி அறுபதுகள்ல கொண்டாந்து கொட்டுன ஏரியா இது, ஆன்ட்டி அப்ப சின்னப் புள்ள, லாரில சாமான் மேல உக்காந்து வந்ததச் சொல்லும். அதுகிட்ட ஒரு ஜெராக்ஸ் இருக்கு, தாத்தாவோட அப்பா வந்த கப்பல் லிஸ்ட். 1860-லேருந்து 1911 வரைக்கும் ஒண்ணர லட்சம் பேரு வந்திருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் நம்பர், அப்பா பேரு, ஜில்லா, தாலுகா, கிராமம்னு எழுதிருக்கான் வெள்ளக்காரன். ஜில்லா தஞ்சாவூர், சந்தேகமே இல்ல. தாலுகா 'ஷியாலி'. ஆன்ட்டி இத்தன வருசமா அத ஏதோ பொம்பள பேருன்னு நெனச்சுக்கிட்டிருந்துச்சு, அது சீர்காழின்னு நான் சொன்னதும் ஒண்ணும் பேசல, எந்திரிச்சுப் போயி எனக்கு இன்னொரு தட்டு பிரியாணி வெச்சுச்சு. கிராமத்துப் பேருலதான் தகராறு. 'கீலியூர்'னு வாசிக்கலாம், நடுவுல ஒரு எழுத்து மை ஊறிப் போயிருக்கு. பூம்புகார் பக்கத்துல இருக்கற கீழையூரா இருக்குமோன்னு நெனக்கிறேன், ஆனா நாகப்பட்டினம் பக்கமும் ஒரு கீழையூர் இருக்கு, அது ஷியாலில வராது இல்லியா? இல்ல அந்தத் தாலுகாவுல இதே மாதிரி வேற பேரு இருக்கா? நீங்க முப்பது வருசம் வி.ஏ.ஓ.வா அடங்கலும் சிட்டாவும் பாத்தவரு, பழைய கிராமப் பேரெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. வர்றதுக்கு முன்னாடி ஒரு நடை பஸ்ல போயி பாத்துட்டு வந்தீங்கன்னா இன்னும் நல்லது. ஆன்ட்டிகிட்ட நான் உறுதியா எதுவும் சொல்லல, எங்க அத்தான் வர்றாருன்னு மட்டும் சொல்லிருக்கேன். அது அன்னிலேருந்து தெருவுக்கே சொல்லிக்கிட்டுத் திரியுது.

அக்கா, கூழு வடகம் ரெண்டு கிலோ போடு, நல்லாக் காய வெய்யி. அம்மாவுக்கு கால்ல போட மெத்துன்னு ஒரு செருப்பு வாங்கிரு, பழச போட்டுக்கிட்டு வந்தா இங்க ஏத்தம் எறக்கத்துல சறுக்கிரும். நான் நாலு மணிக்கே ஏர்போர்ட்ல நிப்பேன்.

தம்பி