சேர்வர் அப்கிரேட்டுக்குக் கையெழுத்திடும் அலுவலகத் தலைவர்களுக்கு

மதிப்புக்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

திருகோணமலையில் கூட்டுறவுச் சங்கம், பாடசாலை, கம்பனி என்று பல இடங்களில் சேர்வர் வேலை பார்ப்பவன் நான். போயா (பௌர்ணமி) லீவோடு சனி, ஞாயிறு சேர்ந்து வந்தால் போதும், "அப்கிரேட் பண்ணிவிடுங்கோ, லீவு முடிய கவுண்டர் திறக்கவேணும்" என்று அழைப்பு வரும். சேர்வரை இயக்கும் உபுண்டு மென்பொருளின் 20.04 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டதால் அந்த அவசரம் நியாயம்தான். ஆனால் பேக்கப் இருக்கிறதா என்றால் எல்லோரும் தரவுத்தளத்தின் பிரதியையே காட்டுகிறார்கள். செட்டிங்ஸ் கோப்புகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

இணையப் பக்கங்களை இயக்கும் பிஎச்பி மென்பொருள் உபுண்டு 22.04இல் 8.1, 24.04இல் 8.3. புதிய பதிப்பு தனக்கென்று வேறு ஃபோல்டரில் வேறு செட்டிங்ஸ் கோப்பை வைத்துக்கொள்ளும். பழைய கோப்பு அங்கேயே கிடந்தாலும் அதை எதுவும் வாசிக்காது. பழையதில் நேர வலயம் 'ஏசியா/கொழும்பு' என்று யாரோ போட்டிருப்பார்கள். புதியதில் அந்த வரி காலி. காலியென்றால் யூடிசி என்ற உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னே. விலைமனு ஏற்பது பகல் 2 மணியோடு முடிகிறது என்று வையுங்கள். 3 மணிக்கு இணையத்தில் வந்த மனு காலை 9.30க்கே வந்ததாகப் பதிவாகலாம். பிழைச்செய்தி எதுவும் வராது. கணக்காய்வாளர் கேட்கும்போது யார் பதில் சொல்வது?

சரி, பழைய கோப்புகளை அப்படியே திருப்பிப் போட்டால்? அதுவும் சரிவராது. தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் தன் 8.0 பதிப்பில், ஒருமுறை தேடிய விடையைச் சேமித்து வைக்கும் குவெரி கேஷ் வசதியைக் கைவிட்டுவிட்டது. அதற்கான பழைய வரி கோப்பில் இருந்தால் தரவுத்தளம் எழும்பவே எழும்பாது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்துத்தான் ஆகவேண்டும். நேரம் போவது இதில்தான், அப்கிரேட்டில் அல்ல.

ஆகவே வேலைக் கட்டளையில் செட்டிங்ஸ் பேக்கப்புக்கென்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். செட்டிங்ஸ் கோப்புகள் இருக்கும் ஈடிசி (/etc) ஃபோல்டர் முழுவதும், நிறுவிய மென்பொருள்களின் பட்டியல், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரோன் அட்டவணைகள் எல்லாம் வேண்டும். கிரோனை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பயனர்களின் அட்டவணைகள் ஈடிசிக்குள் இல்லை, வார் (/var) ஃபோல்டருக்குள் இருக்கின்றன. அவை விடுபட்டால் இரவு பேக்கப் ஓடாமல் நிற்பது கூட யாருக்கும் தெரியாது. பிரதி அதே டிஸ்க்கில் இருக்கக் கூடாது. இந்தக் கோப்புகளில் பாஸ்வேர்டுகள் பலவும் அப்படியே வாசிக்கக்கூடியதாய்க் கிடக்கும் என்பதால், பூட்டாத பென்டிரைவில் போட்டு மேசை லாச்சிக்குள் வைக்கவும் வேண்டாம்.

அத்தோடு, இந்த வேலைக்கும் சேர்த்து விலை போட்டு வருபவரை, கூடக் கேட்கிறார் என்று முதல் பார்வையிலேயே தள்ளிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு சேர்வர் பராமரிப்பாளர்