அப்பாவின் இசைத்தட்டுப் பெட்டி

சாட்ஸ்வொர்த், டர்பன்.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். முழங்கால் வலி தணிந்து நீங்கள் மறுபடியும் கோயிலுக்கு நடந்தே போய்வருகிறீர்கள் என்று படித்ததில் மிகுந்த மகிழ்ச்சி. கடிதத்தின் முடிவில், நம் தகப்பனார்கள் கேட்ட கர்நாடக சங்கீதத்தில் விறுவிறுப்பு இருந்தது என்றும் இன்றைய வித்துவான்கள் இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த வரி என்னை இரண்டு வாரமாக விடவில்லை. அப்பாவின் இசைத்தட்டுப் பெட்டியை இறக்கித் துடைத்தேன். பேரன் ஒரு சுழல்கருவியைக் கணினியோடு இணைத்துக் கொடுத்தான். மூன்று தட்டுகள் விரிசல் விட்டிருந்தன. மற்றவை கரகரத்தாலும் பாடுகின்றன.

முதலில் எனக்கு ஐயம் எழுந்தது சுழலும் வேகத்தின் மேல்தான். நிமிடத்துக்கு 78 சுற்று என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், பழைய தட்டுகள் எல்லாமே அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. 72 சுற்றில் பதிவான ஒன்றை 78 சுற்றில் ஓட்டினால் சுருதி அரைக் கட்டைக்கும் மேலாக ஏறிவிடும் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). பாட்டின் ஓட்டமாகிய காலப்பிரமாணமும் அதற்கேற்ப விரையும். பேரன் வேகத்தைச் சற்றுக் குறைத்தபோது, சிறுவயதிலிருந்து கீச்சுக்குரல் என்று நான் எண்ணியிருந்த ஒரு பாடகர் நல்ல கனமான சாரீரத்தோடு எதிரே வந்து உட்கார்ந்தார். எத்தனை ஆண்டுகளாக அவரை நாம் கேலி செய்திருக்கிறோம்!

அடுத்தது நேரம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்றால் ராகத்தை விரிக்கும் ஆலாபனை ஒரு கீற்றாகத்தான் இருக்கும். ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலுக்கு இடமே இல்லை. வாய்ப்பாட்டு வித்துவான் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் தட்டுகளையும், பிற்காலத்தில் ஒலிநாடாவில் பதிவான அவருடைய கச்சேரிகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் இது விளங்கும். மேடையில் அவர் நடையிலும் விறுவிறுப்பு உண்டு, ஆனால் மூச்சு வாங்கி நிற்க இடமும் உண்டு. தட்டில் அந்த இடம் இல்லை. ஆகவே நீங்கள் ரசிக்கும் வேகத்தில் ஒரு பங்கு வித்துவானுடையது, ஒரு பங்கு அரக்குத் தட்டுடையது. இருந்தாலும் எல்லாவற்றையும் தட்டின் தலையில் கட்டிவிடவும் முடியவில்லை. வீணை தனம்மாள் அறுபது வயதைக் கடந்தபின் 1930களில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கொடுத்த பதிவுகளும் இதே சில நிமிடங்களுக்குள் அடங்கியவைதாம். அவற்றில் அவசரத்தின் சாயலே இல்லை. மூன்று நிமிடமும் தமக்கே சொந்தம் என்பதுபோல் வாசிக்கிறார்.

பக்கவாத்தியத்தைப் பற்றியும் பழைய தட்டுகளை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. 1925ஆம் ஆண்டு மின்முறைப் பதிவு வரும்வரை பாடுபவர் ஒரு பெரிய தகரக் குழாயின் வாய்க்குள் பாட வேண்டியிருந்தது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் நாதம் அதில் ஏறவே ஏறாது; தம்புராவும் கேட்காது. அன்று மிருதங்கம் அடக்கமாக வாசிக்கப்பட்டது என்று நான் ஒருமுறை உங்களிடம் வாதாடியது நினைவிருக்கிறதா? அது தவறு. மிருதங்கம் வாசித்தது, குழாய்க்குத்தான் காது மந்தம்.

சுருதிக்கு வருகிறேன். ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைவரை குரல் போய்ச் சேர வேண்டியிருந்ததால் எஸ்.ஜி. கிட்டப்பா உச்சத்தில் பாடினார். 1933இல் இருபத்தேழு வயதிலேயே மறைந்துவிட்டார். எஞ்சியது தட்டுகள் மட்டும். பிறகு ஒலிபெருக்கி பரவியது, பாடகர்கள் சுருதியை இறக்கிக்கொண்டார்கள் என்பது எல்லோரும் சொல்லும் காரணம். நானும் அப்படியே நம்பினேன். ஆனால் நாயனத்திலும், அதாவது நாதஸ்வரத்திலும், சுருதி இறங்கியிருக்கிறதே! கூர்மையான திமிரி நாயனத்தின் இடத்தில், டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் காலத்தில், தாழ்ந்த சுருதியுடைய பாரி நாயனம் வந்தது. தெரு முழுவதும் கேட்கும் வாத்தியத்துக்கு ஒலிபெருக்கியா வேண்டும்? வாய்ப்பாட்டைப் போல நின்று, குழைந்து, தோடி ராகத்தை நெடுநேரம் விரிக்க அவருக்கு அந்தக் கனம் தேவைப்பட்டிருக்கிறது. கருவி மாறியதால் ரசனை மாறியதா, ரசனை மாறியதால் கருவி மாறியதா என்று பிரிக்க முடியாமல் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. அங்கே உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன். அந்தத் தட்டுகளில் பிருகாக்கள், அதாவது விரைந்தோடும் ஸ்வரக் கோவைகள், மணி உதிர்ந்தாற்போல் விழுகின்றன. ஸ்வரத்தை அசைக்கும் கமகத்தை நீட்டி ஊசலாட்டாமல் ஒரு சுண்டு சுண்டிவிட்டு அடுத்த ஸ்வரத்துக்குப் போய்விடுகிறார்கள். வாயைத் திறந்து பாடுகிறார்கள், சொல் விழுங்கப்படவில்லை. இது குழாயின் வேலை அன்று, தட்டின் நீளத்தின் வேலையும் அன்று, குருவிடம் கற்று வந்த பாடாந்தரம்.

ஆனால் நம் காதையும் சற்று விசாரிக்க வேண்டும். 1946இல் இந்தியா நம் தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்டதை அப்பா அடிக்கடி சொல்வார். அவர் பெட்டியில் அதற்குப் பிந்திய தட்டு ஒன்றுகூட இல்லை. அங்கே நெடுநேரம் ஓடும் நெடுந்தட்டும் வானொலிக் கச்சேரியும் வந்து பாட்டு மாறிக்கொண்டிருந்த ஆண்டுகளில், நாம் இங்கே அதே தட்டுகளை ஊசி மாற்றி ஊசி மாற்றிக் கேட்டு, அதுதான் கர்நாடக சங்கீதம் என்று வளர்ந்தோம். இன்றைய பாடகர் இழுப்பதாக நமக்குத் தோன்றுவதற்கு அவர் மட்டுமே காரணம் இல்லை.

உங்களிடம் உள்ள கிட்டப்பா தட்டின் வேகத்தையும் சரிபார்க்க வேண்டும். அதை அடுத்த மாதம் வரும்போது கொண்டுவாருங்கள். துணியில் சுற்றி, பேருந்தில் படுக்க வைக்காமல், நிமிர்த்தி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பழைய ஆர்மோனியத்தைச் சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன். அதற்குள் வந்துவிட்டால், கிட்டப்பா எத்தனை கட்டையில் பாடினார் என்று இருவருமாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்